கடிகாரம்: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கேள்வி: என் பெர்பெச்சுவல் காலண்டர் வாட்ச் (30, 31 நாள் மாதம், லீப் ஆண்டு எல்லாம் பார்த்துத் தானே தேதி மாற்றும் வகை) இரண்டு வாரம் பெட்டியில் கிடந்து நின்றுவிட்டது. தேதி, கிழமை, மாதம் எல்லாம் பின்தங்கிவிட்டன. நானே சரிசெய்யலாமா?
- வாசகர், திருமங்கலம்

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் எடுத்த எடுப்பில் தேதிப் பட்டனில் கைவைக்காதீர்கள். முள் எட்டு மணியில் நின்றால் அது காலை எட்டா, ராத்திரி எட்டா என்று பார்த்தால் தெரியாது. சாவி கொடுத்து, கிரவுனை (பக்கவாட்டில் உள்ள சாவித் திருகு) இழுத்து, முள்ளை முன்பக்கமாகவே சுற்றுங்கள். தேதி மாறும் இடம்தான் நள்ளிரவு. அதைத் தாண்டிக் காலை ஆறில் நிறுத்துங்கள்.

ராத்திரி எட்டு மணி தொடங்கி விடியற்காலை நான்கு வரை, நாளுக்கு ஒருமுறை சுற்றும் சக்கரத்தின் விரல் காலண்டர் நெம்புகோலைத் தள்ளிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பட்டனை அழுத்தினால் இரண்டு விசையும் மோதி, பல் வளையும் அல்லது முறியும். இந்த வாட்ச்களில் வரும் பெரிய செலவுகளில் பல இப்படி வருபவைதான்.

பக்கவாட்டில் குழிக்குள் இருக்கும் பட்டன்களை, வாட்ச்சோடு தந்த குச்சியால் அழுத்துங்கள். அது தொலைந்திருந்தால் பல்குத்தும் மரக்குச்சி போதும், ஊக்கு வேண்டாம். 'டிக்' என்று கேட்கும்வரை முழுசாக அழுத்தி விட வேண்டும்.

மாதத்தில் மட்டும் நிதானம் தேவை. உள்ளே 48 மாதத்துக்கு ஒரு சுற்று வரும் சக்கரம் உண்டு. 31 நாள் மாதத்துக்கு அதில் பள்ளமில்லை, 30 நாளுக்கு ஆழமில்லாத பள்ளம், பிப்ரவரிக்கு ஆழமான பள்ளம். லீப் ஆண்டுப் பிப்ரவரியின் பள்ளம் அதைவிடக் கொஞ்சம் மேலே நிற்கும். ஒரு மாதம் கூடுதலாகத் தள்ளிவிட்டால் பின்னால் வர வழியில்லை, இன்னும் 47 முறை அழுத்த வேண்டியதுதான். லீப் கட்டம் தப்பாக இருந்தாலோ, அது பிப்ரவரிக் கடைசியில்தான் தெரியவரும்.

ஐடபிள்யூசி என்ற சுவிஸ் நிறுவனம் 1985-ல் கொண்டுவந்த டா வின்சி வாட்ச்சில் இந்தப் பட்டன்களே கிடையாது, எல்லாம் கிரவுன் வழியாகத்தான், அதுவும் முன்பக்கமாக மட்டும். தேதியை ஐந்து நாள் கூடுதலாகத் தள்ளிவிட்டால் ஐந்து நாள் ஓடாமல் நிறுத்தி வையுங்கள், நாளே வந்து சேர்ந்துகொள்ளும்.

கேள்வி: வாட்ச்சில் தெரியும் நிலாக் கட்டத்தை எப்படிச் சரியாக வைப்பது?
- வாசகி, மதுரை

பதில்: வீட்டு நாள்காட்டியே போதும். பௌர்ணமித் திதி முடியும் நேரம்தான் உண்மையான முழுநிலா. பகல் வேளையில் பட்டனை அழுத்தி, நிலா ஜன்னலின் நடுவில் முழுசாக வரும்படி வையுங்கள். பிறகு கடைசிப் பௌர்ணமியிலிருந்து எத்தனை நாள் ஆயிற்றோ அத்தனை முறை அழுத்துங்கள். அழகர் ஆற்றில் இறங்கி நான்கு நாள் ஆகியிருந்தால், சித்ரா பௌர்ணமியிலிருந்து எண்ணி நான்கு அழுத்து.

சாதாரண வகையில் நிலாச் சக்கரத்துக்கு 59 பல், இரண்டு நிலா. ஆக ஒரு நிலாவுக்கு 29.5 நாள். வானத்து நிலாவுக்கோ 29 நாள், 12 மணி, 44 நிமிடம். அந்த 44 நிமிடம் சேர்ந்து சேர்ந்து, இரண்டே முக்கால் வருஷத்துக்குள் ஒரு நாள் பிசகும். வாட்ச் நிலாதான் முந்தியிருக்கும், அதனால் அப்போது மேலே சொன்னபடி மறுபடி வையுங்கள். 135 பல் வகையில் 122 ஆண்டுக்கு ஒரு நாள்தான் பிசகும்.

கேள்வி: நன்றாக ஓடிய வாட்ச் திடீரென ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் முந்துகிறது. சர்வீஸ் செய்ய வேண்டுமா?
- வாசகர், மேலூர்

பதில்: அவசரப்படாதீர்கள், பெரும்பாலும் காந்தம்தான். ஸ்பீக்கர், ஹேண்ட்பேக் காந்தக் கொக்கி, டேப்லெட் உறை இவற்றின் பக்கத்தில் வைத்தால் உள்ளே வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங்கின் நீளம் குறைந்தது போலாகி வாட்ச் வேகமாக ஓடும். சின்னத் திசைகாட்டியை வாட்ச்சின் மேல் நகர்த்துங்கள். திசைகாட்டி முள் துள்ளினால் காந்தம் ஏறியிருக்கிறது. காந்தம் நீக்கும் கருவியான டீமேக்னடைசரில் சில விநாடி வேலைதான், திறக்கவே வேண்டாம். அதற்குப் பிறகும் முந்தினால் மட்டும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.