தோட்டம் பார்க்கும் கண்ணோடு வீட்டைப் பாருங்கள்

சென்னிமலையிலிருந்து மெல்போர்னுக்குப் போய் இரண்டு வருடமான தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அக்கா, இங்கே மேற்குப் பக்கம் டார்னீட்டில் நாலு பெட்ரூம் வீடு ஒன்று கட்டுபடியாகிற விலைக்கு வருகிறது. பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வந்துவிட்டது, பேங்க்கிலும் சரி என்கிறார்கள். ஒரு தடவை போய்ப் பார்த்தோம், பிடித்துவிட்டது. வேறு என்ன பார்க்கணும்?"

தம்பி, நான் இப்போது லீவுக்குக் கோபிக்கு வந்திருக்கிறேன். அப்பா இந்தத் தோட்டத்தை வாங்குவதற்கு முன்னால் ஆறேழு தடவை வந்து பார்த்தார். சித்திரை வெயிலில் ஒரு தடவை, ஐப்பசி மழையில் ஒரு தடவை. கிணற்றுத் தண்ணியைக் கையில் அள்ளி வாயில் வைத்து, கொஞ்ச நேரம் கழித்துத் துப்பினார். மண்ணைக் காலால் கிளறினார். வழித்தடத்தில் தகராறு உண்டா என்று பக்கத்துத் தோட்டத்தில் விசாரித்தார். அவர் மகளாகிய நான் 2013-இல் மெல்போர்னின் மேற்குப் பக்கம் முதல் வீட்டை இருபது நிமிஷத்தில் முடிவு செய்தேன். சனிக்கிழமை மத்தியானம், விற்பவர்கள் வாடகைக்கு எடுத்துப் போட்ட சோபா, மேஜையில் பூ. அதைப் பார்த்தே மயங்கிவிட்டோம்.

மண்ணிலிருந்து ஆரம்பியுங்கள். மெல்போர்னின் மேற்கு, எரிமலைக் குழம்பு ஆறி உண்டான சமவெளி. அதன் களிமண் நம் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல் மாதிரிதான், மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். மூன்றாவது கோடையில் எங்கள் வீட்டுக் கதவு நிலையின் மூலையிலிருந்து கூரை வரை ஒரு விரிசல் ஓடியது, விரல் நகம் உள்ளே போகிற அகலம். குளியலறைக் கதவை நாலு மாதம் சாத்தவே முடியவில்லை, மழை வந்ததும் தானாகச் சரியாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னபோது, "இந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்" என்றார். வாங்கும் முன் அவரிடம் பேசியிருக்கலாம்.

அங்கே மனையின் மண்ணை ஏ, எஸ், எம், எச், ஈ, பி என்று தரம் பிரித்திருப்பார்கள். எச், ஈ என்றால் மண் அதிகம் அசையும். அதற்காக ஓட வேண்டாம், அஸ்திவாரம் அதற்கேற்றபடி போட்டிருக்கிறதா என்று கட்டட இன்ஸ்பெக்டரைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். நிலைக்கு மேலே புதிதாகப் பட்டி பார்த்த தடம் இருக்கிறதா, சுவரை ஒட்டிப் பெரிய மரம் நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏலத்தில் எடுத்தால் மனசு மாற அவகாசமே கிடையாது. நேரடி விற்பனையில் மூன்று வேலை நாள் உண்டு. அதனால் ஏலம் என்றால் சோதனையெல்லாம் முன்கூட்டியே முடியணும்.

அப்புறம் வெயில். ஊரில் தெற்கு வெயில், மேற்கு வெயில் என்று தள்ளிப் பழகிவிட்டோம். அங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது. வாசல் திசையைவிட, நீங்கள் உட்காரும் அறையின் ஜன்னல் வடக்கே இருப்பது முக்கியம், ஜூன் குளிரில் அந்த வெயில் பாய் விரித்த மாதிரி உள்ளே வந்து விழும். மேற்கு ஜன்னல் வேண்டவே வேண்டாம். ஜனவரியில் எட்டரை மணிக்கு மேல்தான் பொழுது சாயும், 40 டிகிரி அடிக்கிற நாளில் எங்கள் மகள் தன் அறையில் தூங்க முடியாமல் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தாள்.

ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணி தேங்கிச் சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் கெட்டது உங்கள் ஊர்ப்பக்கக் கதை. நம் நிலம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. வீட்டுக்குப் பின்னால் தெரிகிற காலிப் புல்வெளியில் நாளைக்கு ஹைவே வருமா, குடோன் வருமா என்று கவுன்சில் திட்ட வரைபடத்தில் தேடுங்கள்.

டார்னீட் ஸ்டேஷன் 2015-இல் திறந்தது. டீசல் ரயில், சிட்டிக்கு அரை மணி நேரம்தான் என்பார்கள். சரி, அந்த வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு எவ்வளவு நேரம்? ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தத் தெருவிலிருந்தே காரை எடுத்து, கார் நிறுத்த இடம் தேடி, ரயிலில் ஏறிப் பாருங்கள். எந்த அரசுப் பள்ளியின் எல்லைக்குள் வருவீர்கள் என்பது வீட்டு முகவரியைப் பொறுத்தது, அதையும் இந்த வருடத்து வரைபடத்தில் பாருங்கள். கோயில், மளிகைக்கடைக்குக் குறையிருக்காது.

முடிந்தால் அதே பக்கத்தில் ஒரு குளிர்காலம் வாடகைக்கு இருந்துவிட்டு வாங்குங்கள். முடியாதென்றால் செவ்வாய்க்கிழமை போய்விட்டு வந்து எழுதுங்கள். மண் ரிப்போர்ட் கிடைத்தால் அதையும் அனுப்புங்கள், சேர்ந்தே படிக்கலாம்.