ஒரே கார், ரெண்டு டிரைவர்: எந்த ரேஸ் சீரிஸ் கட்டுப்படியாகும்?

கேள்வி: வணக்கம் அண்ணா. நானும் என் மச்சானும் லண்டன் ஈஸ்ட் ஹாம்ல இருக்கோம். பிராண்ட்ஸ் ஹாட்ச், ஸ்னெட்டர்டன்னு நாலஞ்சு டிராக் டே (போட்டியில்லாம நம்ம காரை ரேஸ் டிராக்ல ஓட்டிப் பாக்குற நாள்) போயிட்டு வந்தாச்சு, இப்ப ரேஸ்லயே இறங்கணும்னு ரெண்டு பேருக்கும் ஆசை. தனித்தனியா கார் வாங்க வசதி இல்ல, ஒரே காரை ரெண்டு பேரும் ஷேர் பண்ணிதான் ஓட்டணும். முதல் ஜெனரேஷன் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒண்ணு நல்ல விலைக்கு வருது, வாங்கிடலாமா? எந்த சீரிஸ்ல சேர்ந்தா செலவு தாங்கும்?

பதில்: தம்பி, காருக்கு அட்வான்ஸ் குடுத்துடாதீங்க, ஒரு வாரம் பொறுங்க. ரேஸ் ஆசைல வர்ற முக்கால்வாசி பேரு காரை மொதல்ல வாங்கிட்டு அப்புறம்தான் எந்த சீரிஸ்னு தேடுவாங்க, ரெண்டு பேரு ஷேர் பண்றப்ப அத தலைகீழா பண்ணணும், சீரிஸ் மொதல்ல, கார் கடைசில.

ஏன்னு சொல்றேன். எம்எக்ஸ்-5க்குன்னே இருக்குற சாம்பியன்ஷிப்ஸ் பெரும்பாலும் ஸ்பிரின்ட் ரேஸ். ஒரு குவாலிஃபையிங் (யாரு எந்த எடத்துலேர்ந்து கெளம்பணும்னு முடிவு பண்ற ஓட்டம்), அப்புறம் ரெண்டு மூணு ரேஸ், ஒவ்வொண்ணும் 15லேர்ந்து 20 நிமிஷம், அவ்ளோதான். அதுல ரெண்டு பேரு ஷேர் பண்ணா (எல்லா சீரிஸ்லயும் விடவும் மாட்டாங்க, ரூல் புக்க பாக்கணும்) ஆளுக்கு ஒரு ரேஸ். விடிகாலை நாலு மணிக்கு எந்திரிச்சு வேன்ல ட்ரெய்லர மாட்டிட்டு ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டுப் போயி, நாள் பூரா பேடக்ல (கார நிறுத்தி தயார் பண்ற எடம்) நின்னுட்டு 20 நிமிஷம் ஓட்டிட்டு வர்றது. தனியா ஓட்றவனுக்கு அது சரி, உங்க கணக்குக்கு ஒத்துவராது. கார் என்னமோ அருமையான கார்தான், அதுல சந்தேகமே இல்ல, ஆனா சில் (கதவுக்குக் கீழ ஓடுற பாடி பாகம்) எல்லாம் உள்ளுக்குள்ளயே துருப்பிடிச்சுக் கெடக்கும், பின் சக்கரத்துக்கு முன்னாடி ஜாக் வைக்கிற எடத்துல கட்டைவிரலால அமுக்கிப் பாருங்க, பெயின்ட் மொறுமொறுன்னு உள்ள போச்சுன்னா அந்த விலை நல்ல விலை இல்ல.

நான் எப்பவும் போடுற கணக்கு ஒண்ணுதான். அந்த ஒரு நாளைக்கு ஆகுற மொத்தச் செலவு, அதாவது என்ட்ரி ஃபீஸ், பெட்ரோல், டயர் தேய்மானம், பிரேக் பேட், வேன் வாடகை, சாப்பாடு எல்லாத்தையும் கூட்டி, அத ரெண்டு பேரும் ரேஸ்ல உக்காந்து ஓட்டுற மொத்த நிமிஷத்தால வகுத்துப் பாருங்க. என்ட்ரி ஃபீஸ மட்டும் பாத்தா ஸ்பிரின்ட்தான் கம்மியா தெரியும், நிமிஷக் கணக்குக்கு வந்தா நீள ரேஸ்தான் ஜெயிக்கும், ஏன்னா வேன் வாடகையும் தூக்கமில்லாத ராத்திரியும் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

அப்படிப் பாத்தா உங்களுக்கு மூணு வழி இருக்கு.

மொதல்ல 750 மோட்டார் கிளப். ஆஸ்டின் 7 ஓட்றவங்க 1939ல ஆரம்பிச்ச கிளப், கம்மி காசுல ரேஸ் ஓட்டணும்ங்கறதுதான் அவங்க பொழப்பே. அவங்க நடத்துற ரோட்ஸ்போர்ட்ஸ் சீரிஸ்ல ரேஸ் 45 நிமிஷம், நடுவுல ஒரு பிட் ஸ்டாப் (டிராக்க விட்டு பிட்டுக்குள்ள வந்து கார நிறுத்தறது) கட்டாயம், அங்க வேணும்னா டிரைவர் மாறிக்கலாம். ஆளுக்கு 20 நிமிஷம் கிட்ட வரும். பவருக்கும் எடைக்கும் உள்ள விகிதத்த வெச்சு கிளாஸ் பிரிக்கறதால எந்த கார்ல வந்தாலும் அதுக்கேத்த போட்டி கெடைக்கும், அந்த எம்எக்ஸ்-5லதான் மனசு நிக்குதுன்னா அதுக்கும் இங்க எடம் உண்டு. புதுசா வர்ற ரெண்டு பேருக்கு இத நான் தைரியமா சொல்வேன், ஏன்னா பிட் ஸ்டாப்னா என்ன, கார மாத்தி ஓட்றதுன்னா என்னன்னு சின்ன அளவுல பழகிக்கலாம். அதே கிளப்போட கிளப் எண்டூரோல ரேஸ் இன்னும் நீளம், ஆளுக்கு ஒரு மணி நேரம் மாதிரி வரும், ஆனா உங்கள விட ரொம்ப வேகமான கார்ங்க பின்னாலேர்ந்து வந்துட்டே இருக்கும், கண்ணாடியப் பாத்துக்கிட்டே ஓட்டப் பழகணும், அதனால அது ரெண்டாவது வருஷத்துக்கு.

அடுத்தது சிட்ரன் சி1ங்கற குட்டி கார மட்டும் வெச்சு நடக்குற ரேஸ். உங்க எடத்துல நான் இருந்தா இங்கதான் போவேன். 998 சிசி, மூணு சிலிண்டர், 68 ஹார்ஸ்பவர், கேக்கவே ஒரு மாதிரியா இருக்கும், ஆனா எல்லாருக்கும் அதே 68தான். ரூல்ஸ் சொல்ற அதே கேஜ் (கார் உருண்டா காப்பாத்துற இரும்புக் கூண்டு), அதே டேம்பர் (ஷாக் அப்சார்பர்), அதே டயர், காச கொட்டி முன்னாடி போக வழியில்ல. பவர் கம்மிங்கறதால ஒரு கார்னர்ல தப்பு பண்ணி வேகத்த விட்டுட்டா அடுத்த நேர்ரோடு முழுக்க அதுக்கு அபராதம் கட்டணும், அந்த பாடத்த வேற எந்த காரும் இவ்ளோ மலிவா சொல்லித்தராது. பியூஜோ 107, டொயோட்டா அய்கோ எல்லாம் செக் நாட்டுல ஒரே ஃபேக்டரில இதுகூட பொறந்ததுங்க, அதனால ஸ்கிராப் யார்டுல பார்ட்ஸ் கொட்டிக் கெடக்கும். சுமார் 800 கிலோதான் எடை, பிரேக் பேடும் டயரும் நாள்கணக்குல உழைக்கும். இதுல மூணு நாலு மணி நேர ரேஸ் பாத்து சேருங்க, எத்தன டிரைவர் வேணும், ஒருத்தர் தொடர்ந்து எவ்ளோ நேரம் ஓட்டலாம்னு அந்த ரேஸோட ரூல்ஸ்ல படிச்சுட்டு என்ட்ரி போடுங்க. 24 மணி நேர ரேஸும் இருக்கு, அத ரெண்டு பேரா ஓட்ற யோசனைய விட்ருங்க, இன்னும் ரெண்டு பேர சேத்துக்கிட்டா செலவும் நாலா பிரியும்.

பழைய ஃபோர்டு கா வெச்சு நடக்குற எண்டூரோகா சீரிஸும் இதே மாதிரிதான், கார் சுலபமா கெடைக்கும், ஆனா அதுவும் துருதான், நல்லா தோண்டிப் பாத்து வாங்குங்க.

எதுல சேந்தாலும் ரெண்டு பேருக்கும் தனித்தனியா மோட்டார்ஸ்போர்ட் யூகேங்கற அமைப்போட லைசென்ஸ் வேணும், அதுக்கு ஆர்ட்ஸ்னு (ARDS) சொல்ற டெஸ்ட், எழுத்துத் தேர்வும் டிராக்ல ஓட்டிக் காட்றதும். டிராக்ல காட்ற சிக்னல் கொடி பத்தின கேள்வில ஒண்ணுகூட தப்பாகக் கூடாது, உக்காந்து மனப்பாடம் பண்ணுங்க. புது ஆளுங்கன்னு காருக்குப் பின்னாடி மஞ்சள் கட்டத்துல கறுப்பு பெருக்கல் குறி ஒட்டணும், அதுக்கு வெக்கப்படாதீங்க, பின்னால வர்றவங்க அதப் பாத்துத்தான் எடம் விடுவாங்க.

அப்புறம் ஏற்கனவே கட்டி ஓட்டிக்கிட்டிருக்குற ரேஸ் காரா வாங்குங்க, ரோட்டுக் காரை வாங்கி நீங்களே கேஜ் போட்டு கட்டறது எப்பவும் கூடுதல் செலவுதான். ஆனா சீட் பெல்ட்ல போட்டிருக்குற தேதியப் பாருங்க. நானும் என் பார்ட்னரும் மொத கார வாங்குனப்ப பெல்ட் புத்தம் புதுசா பளபளன்னு இருந்துச்சு, ஸ்க்ரூட்டினீரிங்ல (ரேஸுக்கு முன்னாடி கார பரிசோதிக்கறது) ஒரு பெரியவரு பெல்ட்ட பொரட்டி, லேபிள்ல டார்ச் அடிச்சு, "போன வருஷத்தோட முடிஞ்சுபோச்சு"ன்னார். அவரு சொன்னது நூத்துக்கு நூறு சரி, அதோட ஆயுசு முடியற தேதி லேபிள்லயே இருந்துச்சு. பேடக் பூரா அலைஞ்சு ஒருத்தர்கிட்ட கடன் வாங்கி மாட்டறதுக்குள்ள குவாலிஃபையிங் முடிஞ்சுபோச்சு. கடைசி எடத்துலேர்ந்து கெளம்புனோம்.

கேள்வி: நான் அஞ்சரை அடி, மச்சான் ஆறடிக்கு மேல. ஒரே சீட் ரெண்டு பேருக்கும் எப்படி சரிப்படும்? பிட்ல மாறுறதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்? (அதே வாசகர்)

பதில்: சீட்ட மச்சான் அளவுக்கு போல்ட் பண்ணிடுங்க, உங்களுக்கு ஃபோம்ல ஒரு இன்சர்ட் (சீட்டுக்குள்ள வைக்கிற மெத்தை) செஞ்சுக்கங்க, எறங்கும்போது அத கையோட தூக்கிட்டு எறங்கணும். ஆனா இன்சர்ட்ட வெச்சு உக்காந்து பெல்ட் போட்டப்புறம் ஸ்டியரிங்கோட மேல் பக்கம் மணிக்கட்டு படுதா, பிரேக்க முழுசா மிதிச்சாலும் முட்டி லேசா மடங்கியே இருக்கான்னு பாத்துட்டுத்தான் போல்ட்ட முறுக்கணும்.

மாறுறதுல நேரத்த திங்கறது பெல்ட்தான். தோள் பெல்ட் ரெண்டும் சீட்டுக்குள்ள விழுந்துடும், புதுசா ஏறுறவர் அது மேலயே உக்காந்துட்டு தேடிக்கிட்டிருப்பாரு. ரெண்டு எலாஸ்டிக் கயிறு வாங்கி, பெல்ட்டையும் கேஜையும் சேத்து கட்டி வெச்சா பெல்ட்ட கழட்டுன ஒடனே அதுவா ரெண்டு பக்கமும் வெலகி நிக்கும். எறங்குறவரு பெல்ட்ட முழுசா தளர்த்தி விட்டுட்டு எறங்கணும், அடுத்தவருக்கு அது எவ்ளோ உதவின்னு ஒரு தடவ செஞ்சாதான் புரியும். கார் நிக்கிற வரைக்கும் பெல்ட்ல கை வைக்கவே கூடாது, இது ரூலும்கூட. வீட்டுல கராஜ்ல நிறுத்தி ஹெல்மெட், கிளவ்ஸ் எல்லாம் போட்டுக்கிட்டு இருபது தடவ மாறிப் பாருங்க. நெறைய சீரிஸ்ல பிட் ஸ்டாப்புக்கு குறைஞ்சபட்ச நேரம்னு ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள நிதானமா முடிச்சா போதும், அவசரத்துல பெல்ட் முறுக்கிக்கிட்டு போறதுதான் ஆபத்து.

கேள்வி: மச்சான் கார இடிச்சுட்டா யாரு காசு?

பதில்: இத வாங்குறதுக்கு முன்னாடியே எழுதி வெச்சுக்கங்க, வாய்ப்பேச்சு வேணாம், சொந்தக்காரங்களா வேற இருக்கீங்க. சாதாரண ரோட்டு இன்ஷூரன்ஸ் ரேஸுக்கு செல்லாது. எங்க ரெண்டு பேருக்கும் இருந்த ஒப்பந்தம் இதுதான்: இடி, சுவர், டிராக் ஓரத்து ஜல்லில மாட்டறதுன்னா அந்த நேரம் ஸ்டியரிங் யாரு கையில இருந்துச்சோ அவங்க செலவு, யாரு தப்புன்னு பேச்சே கிடையாது. இன்ஜின், கியர்பாக்ஸ், வீல் பேரிங் மாதிரி தானா போறது பாதிப் பாதி. கியர தப்பா போட்டு இன்ஜின வெடிக்க வெச்சா அது மட்டும் ஓட்டுனவரு. இன்னொண்ணும் சேத்துக்கங்க, மொத ஆளு ஓட்டுற ஸ்டின்ட்லயே கார் நின்னுபோச்சுன்னா ரெண்டாவது ஆளு அன்னிக்கு ஓட்டவே இல்ல, அதனால அடுத்த ரேஸ்ல அவருதான் ஸ்டார்ட் பண்ணணும். எங்களுக்குள்ள மனஸ்தாபம் வந்ததே காசால இல்ல, இதாலதான்.

கேள்வி: கோயம்புத்தூர்ல இருந்துக்கிட்டு இப்படி ரெண்டு பேரா ஓட்ட முடியுமா?

பதில்: செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே பக்கத்துலயே இருக்கு, எஃப்எம்எஸ்சிஐங்கற இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் அமைப்போட லைசென்ஸ் வாங்கணும். ஆனா அங்க நடக்குற எல்ஜிபி ஃபார்முலா 4, நோவிஸ் கப்ங்கற சாம்பியன்ஷிப்ஸ் எல்லாம் ஒரு காருக்கு ஒரு டிரைவர்தான், ஒரே ரேஸ்ல மாறி ஓட்ற மாதிரி இல்ல. நீங்க ரெண்டு பேருன்னா சொந்தமா கார் வாங்காதீங்க, கார டீமே தயார் பண்ணித் தர்ற மாதிரி ஒரு டீம்ல பேசி, ஆளுக்கு ஒரு ரேஸ் வீக்கெண்ட்னு பிரிச்சுக்க விடுவாங்களான்னு கேளுங்க. ஒருத்தர் ஓட்டுறப்ப இன்னொருத்தர் பிட் வால்ல நின்னு ஓட்றவருக்குத் தகவல் காட்ற போர்டு புடிக்கலாம்.