தேங்காய் எண்ணெயும் தாத்தாவின் துப்பாக்கியும்

கேள்வி: தாத்தா காலத்து 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி, உரிமம் இப்போது என் பெயரில். தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கினால் குழலில் செம்புள்ளிகள், விசையும் இழுக்கிறது. வீட்டில் எப்போதும் தேங்காய் எண்ணெய்தான். தெரிந்தவர் ஒருவர் ‘வெளிநாட்டு எண்ணெய்’ 1,800 ரூபாய்க்குத் தருகிறார். வாங்கலாமா? (வாசகர், திருத்துறைப்பூண்டி)

பதில்: வாங்க வேண்டாம். தேங்காய் எண்ணெயையும் நிறுத்துங்கள். மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைகிற எண்ணெய் விசைக்குள்ளும் உறையத்தான் செய்யும். நாள்பட்டால் காறிப் பிசுக்காகி, தூசியைப் பிடித்துக்கொள்ளும். விசை இழுப்பது பெரும்பாலும் அதனால்தான். ஆனால் நீங்களாகக் கழற்றாதீர்கள்.

அசையும் பாகங்களுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். குழல் மடங்கும் கீலுக்குக் கொஞ்சம் கிரீஸ். டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்தால் ஈரம் ஓடும், பழைய பிசுக்கு இளகும். ஆனால் அது விட்டுப்போகும் படலம் ஐப்பசி அடைமழைக்கும் உங்கள் பக்கத்து உப்புக்காற்றுக்கும் தாங்காது. துடைத்துவிட்டு எண்ணெய் போடுங்கள். எதற்கும் முன்னால் இரண்டு குழலும் காலியா என்று திறந்து பாருங்கள்.

செம்புள்ளியில் உப்புத்தாள் படவே கூடாது. எண்ணெய் நனைத்த துணியால் பொறுமையாகத் தேயுங்கள். குழலின் உள்ளே குழி தெரிந்தால் வல்லுநரிடம் காட்டாமல் சுடாதீர்கள். சுடுவதற்கு முன் குழலையும் தோட்டா அறையையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்துவிடுங்கள்.

இந்த எண்ணெய் வைத்தியம் கருமருந்துக்கு (புகை கக்கும் பழைய வகை வெடிமருந்து) மட்டும் செல்லாது. குழல் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியானாலும், உங்கள் தாத்தா பழைய கருமருந்துத் தோட்டா போட்டிருந்தாலும், குழலில் தங்குவது ஈரத்தை இழுக்கும் உப்பு. எண்ணெயில் அது கரையாது; மேலே எண்ணெய் விட்டால் தார் மாதிரி ஆகிவிடும். சோப்பு கலந்த வெந்நீரில் கழுவி, துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் பூச வேண்டும். ஆறவிட்டால் அன்றைக்கே துரு. ‘துப்பாக்கிக்குத் தண்ணீரா!’ என்று பதறுவார்கள். தண்ணீர்தான்.

இனி அந்தத் ‘தெரிந்தவர்’. லேபிள் இல்லாத பாட்டிலில் என்ன இருக்கிறதென்று அவருக்கே தெரியாது. அடுத்து, ‘உரிமப் புத்தகத்தையும் துப்பாக்கியையும் கொடுங்கள், சர்வீஸ் செய்து புதுப்பித்தும் தருகிறேன்’ என்பார். கொடுத்துவிடாதீர்கள். உங்கள் எழுத்து மூல அனுமதி இல்லாமல் இன்னொருவர் எடுத்துப்போவது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். பழுது பார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். லேத் பட்டறையில் நீட்டாதீர்கள். உரிமம் 5 ஆண்டுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்க வேண்டும், நீங்களே ஒரு நடை போகலாம். அந்த வரிசையும் படிவமும் ஆளை நோகடிக்கும் என்பது வாஸ்தவம்தான்; இடைத்தரகர் பிழைப்பதே அதனால்தான்.

அடுத்த தேர்தலுக்கு ஒப்படைக்கும்போது உள்ளும் புறமும் கிரீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். தோலுறையோடு கொடுக்காதீர்கள், தோல் ஈரத்தைத் தேக்கும். கொடுக்கும் பொருள் எங்கே, எந்த ஈரச் சுவரில் சாய்ந்திருக்கும் என்பது நம் கையில் இல்லை. அதனால் ‘துரு இல்லை’ என்று ரசீதிலேயே எழுதிக் கேளுங்கள். எழுதுபவர் முறைப்பார். முறைக்கட்டும்.