தண்டனை எங்கே முடிகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிறைத் தண்டனையை முடித்து வெளியே வந்தவர்களுக்கு வாக்குரிமை முதலான குடிமை உரிமைகள் திரும்பக் கிடைக்க வேண்டுமா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். இடமின்மையால் ‘வேண்டும்’ என்று மட்டும் பதில் எழுதியிருந்தேன். அது போதவில்லை என்பதைக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்கள் உணர்த்தின. சிலர் கோபத்துடன் எழுதியிருக்கிறார்கள், சிலர் கண்ணீருடன் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே தருகிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: வணக்கம் ஐயா. என் அண்ணன் ஒரு கொலை வழக்கில் தண்டனை பெற்று, கடலூர் கேப்பர் மலை ஜெயிலில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுச் சென்ற ஆண்டு வீட்டுக்கு வந்தார். உள்ளே போய் வந்தவனுக்கு ஓட்டு கிடையாது என்று தெருவில் ஒருவர் சொன்னதை நம்பி, வாக்காளர் பட்டியல் பக்கமே போக மாட்டேன் என்கிறார். அவர் சொன்னது உண்மையா? – வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: உண்மை இல்லை, அம்மா. உங்கள் அண்ணன் சிறை வாசலைக் கடந்த அன்றே அவருடைய வாக்குரிமை அவரிடம் வந்துவிட்டது. அதற்காக அவர் யாரிடமும் மனுப் போட வேண்டியதில்லை, ஆளுநரின் மன்னிப்பையும் பெற வேண்டியதில்லை.

சட்டம் சொல்வது இதுதான். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 62(5), சிறையில் அடைக்கப்பட்டிருப்பவரும் காவல் துறையின் காவலில் இருப்பவரும் வாக்களிக்கக் கூடாது என்கிறது. அடைபட்டிருக்கும் காலத்துக்குத்தான் அந்தத் தடை. வெளியே வந்தவரை அது தொடுவதில்லை. லஞ்சம் கொடுத்து வாக்கு வாங்குதல், ஆள்மாறாட்டம் செய்து வாக்களித்தல் போன்ற தேர்தல் தொடர்பான சில குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் பிரிவு 11அ ஆறு ஆண்டுகள் வாக்குரிமையை மறுக்கிறது. கொலை, கொள்ளை, அடிதடி எதுவானாலும் அந்தப் பட்டியலில் இல்லை.

உங்கள் அண்ணனின் பெயர் பட்டியலில் இப்போது இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பல ஆண்டுகள் ஊரில் இல்லாதவரை ‘குடிபெயர்ந்தவர்’ என்று கருதி நீக்கியிருக்கலாம். நீக்கப்பட்டிருந்தால், உங்கள் பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் படிவம் 6 வாங்கி, வயதுக்கும் முகவரிக்கும் சான்று இணைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒருவர் சிறையில் இருந்தார் என்பதற்காகவே அந்தச் சிறை அவருடைய வசிப்பிடம் ஆகிவிடாது என்று 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 20(2) தெளிவாகச் சொல்கிறது. அவருடைய முகவரி நெல்லிக்குப்பத்து வீடுதான்.

சட்ட உதவி முகாம்களுக்காகக் கேப்பர் மலைக்குப் பல முறை சென்றிருக்கிறேன். விடுதலையாகப் போகிறவர்களிடம் வாக்குரிமையைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலோர் உங்கள் அண்ணனைப் போலவேதான் பதில் சொல்வார்கள். சட்டம் பறிக்காத ஒன்றை ஊர்ப்பேச்சு பறித்து வைத்திருக்கிறது. விடுதலை நாளில் கொடுக்கும் தாள்களோடு, ‘உனக்கு இன்று முதல் வாக்கு உண்டு’ என்று எழுதிய ஒரு துண்டுத்தாளையும் படிவம் 6-ஐயும் சேர்த்துக் கொடுப்பதில் அரசுக்கு என்ன செலவு ஆகிவிடப் போகிறது?

கேள்வி: என் தங்கையின் கணவரை வெட்டிக் கொன்றவன் பதினான்கு ஆண்டுகளில் வெளியே வந்துவிட்டான். இறந்தவருக்கு வாக்கு இல்லை. கொன்றவனுக்கு மட்டும் எதற்கு? நீங்கள் ‘வேண்டும்’ என்று ஒரே சொல்லில் எழுதியது எங்களைப் போன்றவர்களை அவமதிப்பதாக இருக்கிறது. – வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒரே சொல்லில் எழுதியது தவறுதான். உங்கள் தங்கையின் இழப்பை எந்தத் தீர்ப்பும் ஈடுசெய்யாது, இந்தப் பதிலும் ஈடுசெய்யாது. ஆனாலும் என் கருத்தை மாற்றிக்கொள்ள முடியவில்லை. அதற்கான காரணத்தை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நீதிபதி ஒருவர் சாட்சிகளைக் கேட்டு, இரு தரப்பு வாதங்களையும் எடைபோட்டு, இவ்வளவு தண்டனை என்று எழுதுகிறார். அது குறைவு என்று நினைத்தால் மேல்முறையீடு செய்யும்படி அரசைக் கேட்கலாம், முன்விடுதலை கூடாது என்று வழக்குத் தொடுக்கலாம். அந்தப் போராட்டங்களில் உங்கள் பக்கம் நிற்பதற்கு நான் தயங்க மாட்டேன். ஆனால் தண்டனை முடிந்தது என்று அரசே கையெழுத்திட்டு அனுப்பிய பிறகு, தீர்ப்பில் இல்லாத இன்னொரு தண்டனையை, முடியும் நாள் குறிக்கப்படாத ஒரு தண்டனையை, அவர் மீது சேர்ப்பதற்கு எவருக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. அப்படிச் சேர்த்தால், வரி கட்டவும் சட்டத்துக்குக் கட்டுப்படவும் கடமை உண்டு, அந்தச் சட்டத்தை இயற்றுபவரைத் தேர்ந்தெடுக்க மட்டும் உரிமை இல்லை என்னும் ஒரு கூட்டம் நம் தெருக்களிலேயே உருவாகிவிடும். நல்லபடி வாழ்ந்தாலும் பயனில்லை என்று அவர்களுக்குச் சொல்வது உங்கள் குடும்பத்துக்கும் பாதுகாப்பு ஆகாது.

வ.உ.சிதம்பரனாரை இங்கே நினைக்கிறேன். 1908இல் திருநெல்வேலி நீதிமன்றம் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டு 1912ஆம் ஆண்டின் இறுதியில் வெளியே வந்தபோது, அவர் வக்கீல் தொழில் செய்வதற்கான சன்னது பறிபோயிருந்தது. கப்பல் ஓட்டியவர் சென்னையில் அரிசியும் மண்ணெண்ணெயும் விற்று வாழ முயன்றார். பின்னாளில் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் அந்தச் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். உடலை வாட்டிய செக்கைவிட, வெளியே வந்த பின் பிழைப்புக்கு வழியில்லாமல் செய்த அந்தத் தடைதான் அவரை நெடுங்காலம் அழுத்தியது. அவர் தேசபக்தர், கொலைகாரர் அல்லர் என்று நீங்கள் சொல்வீர்கள், முற்றிலும் சரி. இருவரின் செயலையும் நான் ஒன்றாக வைக்கவில்லை. தண்டனைக்குப் பின்னும் தொடரும் தடை ஒரு மனிதரையும் அவரை நம்பியிருக்கும் பெண்டு பிள்ளைகளையும் என்ன செய்யும் என்பதற்கு மட்டுமே அவரைச் சான்றாகக் காட்டுகிறேன்.

கேள்வி: என் பெரியப்பா குடும்பத்தினர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்கள். பிரான்சில் கைதிகளும் வாக்களிக்கலாம் என்கிறார்கள். அமெரிக்காவிலோ வெளியே வந்தவர்களுக்கும் வாக்கு இல்லை என்று படித்தேன். எது சரி? – கல்லூரி மாணவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இரண்டும் சரி, தம்பி. பிரான்சில் 1994இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம், ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பானதாலேயே அவருடைய குடிமை உரிமைகள் தாமாக நீங்கிவிடா என்று வரையறுத்தது. நீக்க வேண்டுமானால் நீதிமன்றம் அதைத் தனித் தண்டனையாக எழுத வேண்டும். அதற்கும் கால வரம்பு உண்டு: கொடுங்குற்றங்களுக்கு அதிகபட்சம் 10 ஆண்டுகள், அடுத்த நிலைக் குற்றங்களுக்கு 5 ஆண்டுகள். 2019ஆம் ஆண்டின் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் கைதிகள் சிறையிலிருந்தே அஞ்சல் வழியாக வாக்களித்தார்கள். உங்கள் புதுச்சேரியில் இரு நாட்டுக் குடிமக்களும் ஒரே தெருவில் வாழ்கிறார்கள். ஒரே தவறுக்காகச் சிறை சென்றால், ஒருவரின் வாக்கு நிலைத்திருக்கும், மற்றவரின் வாக்கு வாசலிலேயே நின்றுவிடும்.

அமெரிக்காவில் ‘ஃபெலனி’ எனப்படும் பெருங்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்களின் வாக்கை ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி நடத்துகிறது. மெய்ன், வெர்மான்ட் ஆகிய இரு மாநிலங்களில் சிறையில் இருப்பவரும் வாக்களிக்கலாம். வேறு சில மாநிலங்களில் விடுதலையாகி ஆண்டுக்கணக்கில் ஆனவரும் வாக்களிக்க முடியாது. சிறையில் இருப்பவர்களையும் சேர்த்து, இவ்வாறு வாக்கிழந்தவர்கள் 2024இல் ஏறத்தாழ 40 லட்சம் பேர். ஃபுளோரிடா மாநிலத்தில் 2018இல் மக்களே வாக்கெடுப்பில், கொலை, பாலியல் குற்றம் தவிர்த்த மற்றக் குற்றங்களுக்குத் தண்டனையை முடித்தவர்களுக்கு உரிமையைத் திருப்பித் தர 64 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவளித்தார்கள். அடுத்த ஆண்டே அந்த மாநிலச் சட்டமன்றம், அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் முழுவதும் கட்டிய பிறகுதான் தண்டனை முடிந்ததாகப் பொருள் என்று சட்டம் இயற்றியது. கையில் காசு உள்ளவர் வாக்களிக்கிறார், இல்லாதவர் காத்திருக்கிறார். இந்த வகையில் நம் சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிட மேலானது என்று தயங்காமல் சொல்வேன்.

கேள்வி: அப்படியானால் நம் சட்டத்தில் குறையே இல்லையா? – வாசகர், பண்ருட்டி

பதில்: பெருங்குறை ஒன்று உண்டு. நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தண்டனை பெற்றவர்களே அல்லர், விசாரணைக் கைதிகள். பிரிவு 62(5) அவர்களுடைய வாக்கையும் சேர்த்து நிறுத்துகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். கோடிக்கணக்கில் மோசடி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு ஜாமீனில் வந்தவர் வாக்களிக்கலாம். மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு வெளியே இருப்பவரும் வாக்களிக்கலாம். குண்டர் சட்டத்தில் தடுத்து வைக்கப்பட்டவருக்கு அஞ்சல் வாக்கு உண்டு. தடுப்புக் காவலுக்கு அதே பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆனால் ஒரு சைக்கிளைத் திருடியதாகப் பிடிபட்டு, பிணை நிற்க ஆள் இல்லாமல் உள்ளே கிடக்கும் கூலித் தொழிலாளி வாக்களிக்க முடியாது. அவர் குற்றம் செய்தாரா என்பதையே எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை.

இந்தப் பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. கைதிகளுக்கு வாக்களிக்க ஏற்பாடு செய்யப் பெருமளவு காவலர்களும் வசதிகளும் தேவைப்படும் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. தீர்ப்பை மதிக்கிறேன், அந்தக் காரணத்தை ஏற்க மனம் ஒப்பவில்லை. தடுப்புக் காவலில் இருப்பவருக்கு அஞ்சல் வாக்குச் சீட்டை அதே சிறைக்குக் கொண்டு செல்ல முடிகிறது என்றால், அடுத்த அறையில் இருக்கும் விசாரணைக் கைதிக்குக் கொண்டு செல்ல எது தடுக்கிறது? இன்னொன்றையும் கவனியுங்கள். 2013ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், சிறையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் தொடர்வதால், தகுதியிழக்காத ஒருவர் உள்ளிருந்தபடியே தேர்தலில் போட்டியிடலாம். போட்டியிடலாம், வாக்களிக்கக் கூடாது என்பதில் என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

1918 நவம்பர் 20 அன்று புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதியைக் கைது செய்து, டிசம்பர் 14 வரை வைத்திருந்தது கடலூர்ச் சிறையில்தான். எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டித்திருக்கவில்லை. வெளியே விட்டபோதும் எங்கே வசிக்க வேண்டும், எழுதுவதை யாரிடம் காட்ட வேண்டும் என்று நிபந்தனைகள் விதித்தார்கள். தீர்ப்பில்லாமலே உரிமையைப் பறிக்கும் பழக்கம் அந்த ஆட்சியோடு போயிருக்க வேண்டும்.

கேள்வி: இருபது வயதில் ஒரு தகராறில் ஓராண்டு தண்டனை பெற்றேன். அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பிக்கும்போது அதை மறைக்கலாமா? – வாசகர், சிதம்பரம்

பதில்: மறைக்கவே மறைக்காதீர்கள். பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை, ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்காக இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவருக்குத்தான், அதுவும் தீர்ப்புக்குப் பின் ஐந்து ஆண்டுகள் வரைக்கும்தான், 1967ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் காரணத்தால் மறுக்கிறது. ஓராண்டுத் தண்டனை அதில் அடங்காது. வேறு வழக்கு நிலுவையில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை கடினமானது. அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், உண்மையைச் சொன்னவரைக்கூட எடுத்தே தீர வேண்டும் என்று வேலை தருபவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. ஆனால் இளவயதில் நடந்த சிறு குற்றங்களைத் தக்க முறையில் பரிசீலித்து ஒதுக்கிவிடலாம் என்றும் சொன்னது. சொன்ன உண்மைக்காக வேலை போவதைவிட, மறைத்த உண்மைக்காகப் போவதுதான் அதிகம் நடக்கிறது. உங்களுக்குச் சிறைக்குப் பதிலாக நன்னடத்தைப் பிணை கிடைத்திருந்தால், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 12 தண்டனையால் வரும் தகுதியிழப்பையே நீக்கியிருக்கும். உங்கள் வழக்கறிஞர் அன்று அதைக் கேட்டிருக்க வேண்டும். சிறு வழக்குகளில் முதன்முறை சிக்கும் இளைஞர்களின் பெற்றோர் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைக் கையாடியவரை வங்கியிலும், குழந்தைகளிடம் தவறாக நடந்தவரைப் பள்ளியிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்பதை நான் முழுமனத்துடன் ஏற்கிறேன். குற்றத்துக்கும் வேலைக்கும் தொடர்பே இல்லாத இடங்களில் கதவை அடைப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

கேள்வி: தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்கலாமா? – வாசகர், விருத்தாசலம்

பதில்: நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும், இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் விடுதலையான நாளிலிருந்து மேலும் ஆறு ஆண்டுகள் நிற்க முடியாது. சில குற்றங்களுக்கு இதைவிடக் குறைந்த தண்டனையே போதும். அதிகாரத்தைக் கேட்பவருக்குக் காத்திருப்புக் காலம் இருப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. தேர்தல் ஆணையம் இந்தக் காலத்தைக் குறைக்கலாம். 2019இல் சிக்கிம் முதலமைச்சருக்குக் குறைத்தது.

கேள்வி: என் வீட்டுக்காரர் விடுதலையாகி வந்து பெயரையும் சேர்த்துவிட்டோம். ஆனாலும் பூத்தில் நாலு பேர் முன்னால் யாராவது ‘ஜெயிலுக்குப் போனவன்’ என்று தடுத்துவிட்டால் என்ன செய்வது என்று அஞ்சுகிறார். – வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: தடுக்க முடியாது, அம்மா. வாக்குச்சாவடி அலுவலரின் கையில் இருப்பது வாக்காளர் பட்டியல் மட்டுமே. அதில் வழக்கு விவரம் எதுவும் இருக்காது. வேட்பாளரின் முகவர் எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டுமானால் 2 ரூபாய் கட்டி, ‘பட்டியலில் உள்ள ஆள் இவர் இல்லை’ என்று மட்டுமே சொல்லலாம். உங்கள் கணவர் அடையாள அட்டையைக் காட்டினால் அது அங்கேயே முடிந்துவிடும். காலையில் கூட்டம் சேர்வதற்கு முன் இருவரும் சேர்ந்தே போய்விட்டு வாருங்கள். விரலில் மை வைத்துக்கொண்டு வந்த பிறகு எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.