46 வயதில் ஜியு-ஜிட்சு வகுப்பா, ஓவிய வகுப்பா?

கேள்வி: எனக்கு வயது 46. கோவையில் கணக்கர் வேலை. எடை 84 கிலோ. ஆறு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் சாப்பிடுகிறேன். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 7.4. பிரஷருக்கும் ஒரு மாத்திரை உண்டு. என் மகள் (15) பிரேசிலியன் ஜியு-ஜிட்சு (தரையில் பிடித்து மடக்கும் தற்காப்புக் கலை) கற்றுக்கொள்கிறாள். வாரம் மூன்று நாள் மாலை 7 மணிக்கு அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, முடியும்வரை வெளியே உட்கார்ந்திருப்பேன். "சும்மா உட்கார்ந்திருப்பதற்கு நீங்களும் வாங்க சார்" என்கிறார் மாஸ்டர். எனக்கும் ஆசைதான். மனைவியோ, "இந்த வயசுல குஸ்தியா? மாடியில வாட்டர்கலர் வகுப்பு நடக்குதே, அதுல சேருங்க" என்கிறாள். மற்றபடி எப்போதாவது இடது கை விரல்கள் மரத்துப்போகும், அவ்வளவுதான். சேரலாமா டாக்டர்?

பதில்: "மற்றபடி", "அவ்வளவுதான்" என்று இரண்டு சொல்லுக்கு நடுவே ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறீர்கள் பாருங்கள், என் கண் முதலில் போய் நின்றது அங்கேதான். சர்க்கரையும் பிரஷரும் இருப்பவர் ஜியு-ஜிட்சு மெத்தையில் இறங்க வழி இருக்கிறது. ஏன் மரத்துப்போகிறது என்று தெரியாமல், கழுத்தைப் பிடித்து மடக்குகிற ஆட்டத்தில் இறங்க வேண்டாம்.

எந்த விரல்கள் மரக்கின்றன? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால், அதுவும் தூக்கத்தில் எழுப்பிவிட்டு, கையை உதறினால் சரியாகிறது என்றால், மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுகிறது என்று சந்தேகிக்கலாம். சர்க்கரைக்காரர்களிடம் இது அதிகம். கழுத்தை இடப்பக்கம் சாய்த்து அண்ணாந்து பார்க்கும்போது தோளிலிருந்து கைவரை மின்சாரம் பாய்வதுபோல இறங்கினால், கழுத்தெலும்புகளுக்கு நடுவே நரம்பின் வேர் நசுங்குகிறது என்று பொருள். இரண்டு கையும் தடுமாறுகிறது, சட்டைப் பித்தான் போடச் சிரமமாக இருக்கிறது, நடை தள்ளாடுகிறது என்றால் பேச்சுக்கே இடமில்லை, தண்டுவடம் அழுத்தப்படுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். மாடி ஏறும்போது கை கனத்து, நெஞ்சும் இறுகுகிறது என்றால் அது இதய மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். நான்கும் நான்கு வேறு வழி. நேரில் தொட்டுப் பார்க்கிற மருத்துவர் பத்து நிமிடத்தில் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடுவார்.

இதில் உங்கள் மனைவிக்கும் ஒரு செய்தி இருக்கிறது. கோளாறு கழுத்தில் என்றால், மேசைமேல் தாளைப் படுக்க வைத்து இரண்டு மணி நேரம் குனிந்து வாட்டர்கலர் தீட்டுவதும் அந்தக் கழுத்துக்கு ஆகாது. பகலெல்லாம் கம்ப்யூட்டர் முன் குனிந்த கழுத்துதானே அது. படம் வரைவதானால் பலகையைக் கண் மட்டத்துக்குச் சாய்த்து வையுங்கள், அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடங்கள். ஓவியம் மனதுக்கு நல்லது, நான் மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரையைக் குறைக்க வேண்டிய உங்களுக்கு, உட்கார்ந்த வேலை இன்னொன்று வேண்டாம்.

சரி, கழுத்து நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது சர்க்கரை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை தாழ்வது அபூர்வம். கிளிமிபிரைட் அப்படியில்லை, நீங்கள் சாப்பிட்டீர்களா, உருண்டீர்களா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். உங்கள் வகுப்பு மாலை 7 மணிக்கு. மதியச் சாப்பாடு கரைந்துபோன நேரம். குளுக்கோமீட்டரில் பார்த்துவிட்டுப் போங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ நாலு பிஸ்கட்டோ சாப்பிட்டு, ஏறிய பிறகுதான் மெத்தை.

குழப்பம் வரும் இடம் ஒன்று உண்டு. ஜியு-ஜிட்சு நடைப்பயிற்சி மாதிரி சீராகப் போவதில்லை. எதிராளி மேலே ஏறி உட்கார்ந்து அமுக்கும்போது அட்ரினலின் குபுகுபுவென்று சுரக்கும். அது கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டும். வகுப்பு முடிந்த கையோடு பார்த்தால் போகும்போது 140 இருந்தது 190 காட்டலாம். அதைப் பார்த்துப் பதறி, இரவு மாத்திரையைக் கூட்டிப் போட்டுவிடாதீர்கள். காலியான தசைகள் அப்புறம் பல மணி நேரம் ரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சும், விடியற்காலையில்கூடத் தாழலாம். முதல் இரண்டு வாரம் வகுப்பு நாட்களில் படுக்கும் முன் ஒரு முறை பாருங்கள். அந்த எண்களோடு உங்கள் மருத்துவரிடம் போனால், இரவு கிளிமிபிரைடைக் குறைப்பதா, வேறு மாத்திரைக்கு மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார். நீங்களாகக் கை வைக்க வேண்டாம். பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். மாஸ்டரிடமும் சர்க்கரை இருப்பதைச் சொல்லிவிடுங்கள். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாமே சண்டையிலும் வரும், லோ சுகரிலும் வரும். உங்களுக்கே பிடிபடாமல் போகலாம்.

சேரும் முன் விழித்திரைப் பரிசோதனை அவசியம். புதிதாக முளைத்த பலவீனமான ரத்தக்குழாய் கண்ணுக்குள் இருந்தால், மூச்சைப் பிடித்து முக்கும்போது கசியும். வெறுங்காலில் விளையாடுவதால் பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஒரு ஈசிஜியும் எடுங்கள். ஆனால் ஓய்வில் எடுத்த ஈசிஜி நன்றாக இருப்பது முழுச் சான்றிதழ் ஆகாது. டிரெட்மில் சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வலு பற்றிக் கவலை வேண்டாம். ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடா 1914-ல் பிரேசிலுக்குப் போனவர், பெலெம் நகரில் குடியேறினார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியின் தம்பி ஹீலியோ ஒல்லிப்பிச்சான். நெம்புகோல் மாதிரி மூட்டைப் பயன்படுத்தி, தன்னைவிடக் கனத்தவரைக் கீழே கிடந்தபடியே அடக்குவதை அவர் வளர்த்தெடுத்தார். 95 வயது வரை வாழ்ந்தார். உங்களுக்கு ஆபத்து எடையிலும் வயதிலும் இருப்பதைவிட வீம்பில் அதிகம். பிடி இறுகினால் எதிராளியின் உடம்பில் இரண்டு மூன்று முறை தட்டுவதுதான் தோற்றேன் என்பதற்கு அடையாளம். நாற்பது தாண்டிய ஆண்கள் இருபது வயதுப் பையனிடம் தட்ட வெட்கப்பட்டு முழங்கையைக் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள். குதிகாலைத் திருகும் பிடியில் இன்னும் மோசம், வலி தெரிவதற்குள் முழங்கால் தசைநார் கிழிந்திருக்கும். கழுத்து நெரிப்பு இருபக்கத் தமனிகளையும் அடைக்கிறது, பத்து வினாடிக்குள் நினைவு போகலாம். சர்க்கரை, பிரஷர் உள்ளவரின் தமனியில் கொழுப்புப் படிந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே கை கழுத்தைச் சுற்றியதுமே தட்டுங்கள், இறுகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதல் மூன்று மாதம் நுட்பம் மட்டும், நேரடி உருளல் (எதிராளியோடு நிஜமாக மோதும் பயிற்சி) வேண்டாம் என்று மாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

காது வீங்கி மெத்தென்று ஆனால் இரண்டொரு நாளில் மருத்துவரிடம் காட்டி ரத்தத்தை எடுத்துவிடுங்கள், விட்டால் காலிஃபிளவர் போல் இறுகிவிடும்.

தோல் பற்றி நீட்டித்தான் ஆக வேண்டும். படர்தாமரைக்கு மெத்தை ஒரு சந்தை. சர்க்கரைக்காரருக்கு அது சுலபமாகவும் ஒட்டும். நம் ஊரில் இப்போது பழைய மருந்துக்கு அடங்காத படர்தாமரை நிறைய. மெடிக்கலில் கேட்டு வாங்கித் தேய்க்கிற ஸ்டீராய்டு கலந்த களிம்பு இதற்கு ஒரு முக்கியக் காரணம். தேய்த்த இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், வளையத்தின் விளிம்பும் மங்கும். குணமாகிவிட்டது என்று நினைப்பீர்கள். உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டிருக்கும். என்னிடம் வந்த ஒரு கல்லூரி மாணவருக்கு முழங்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இருந்தது, ஆறு வாரத்தில் இடுப்பைச் சுற்றிவிட்டது. அறையில் கூட இருந்த இருவருக்கும் ஒட்டியது. வகுப்பு முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, விரல் இடுக்கு, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் உலரத் துடையுங்கள். சட்டையை ஒவ்வொரு முறையும் துவைத்து வெயிலில் போடுங்கள். உங்கள் துண்டு தனி, மகளின் துண்டு தனி. வட்டமாகச் சிவந்து அரித்தால் தோல் மருத்துவரைப் பார்க்கும்வரை விடுப்பு, மகளுக்கு வந்தால் அவளுக்கும்தான்.

சிலர் இசைக்கு ஆடியபடியே சண்டையிடும் காப்போயிராவைப் பற்றியும் கேட்கிறார்கள். அதுவும் பிரேசில்தான், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் வளர்த்தது. ஒற்றைத் தந்தி வில்லில் சுரைக்குடுக்கை கட்டித் தட்டும் பெரிம்பாவைக் கேட்டால் எனக்கு நம் வில்லுப்பாட்டு ஞாபகம் வருகிறது. கழுத்துப்பிடி இல்லை என்பது நல்லது. ஆனால் கைகளை ஊன்றித் தலைகீழாவது உண்டு, சந்தேகக் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் இப்போதைக்கு அதுவும் வேண்டாம்.

ஒரு வாரம், எந்த விரல், எந்த நேரம், அப்போது கழுத்து எப்படி இருந்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அதை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை மகளின் வகுப்பு நடக்கும் நேரத்தில் வெளியே உட்காராமல் நடக்கலாம்.