வகுப்பில் சும்மா உட்காரும் மகள்

கேள்வி: என் மகள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 7-ஆம் வகுப்பு படிக்கிறாள். டீச்சர் போர்டில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுகிறாள். மீதி நேரமெல்லாம் மற்ற பிள்ளைகளின் நோட்டைத் திருத்துகிறாள். "போரடிக்குதும்மா" என்று தினமும் புலம்பல். கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்த்துவிடலாமா?
- ஒரு வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: சகோதரி, மகள் சொல்வதைத் திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் சொல்வது உண்மை. அரசுப் பள்ளியின் கவனம் பெரும்பாலும் பின்தங்கிய பிள்ளைகள் மேல்தான். கொரோனாவில் விட்டுப்போன படிப்பைப் பிடிக்கத்தான் 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டமே வந்தது. அது அவசியமான வேலை. ஆனால், முந்திக்கொண்டு முடிக்கும் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று யோசிக்க டீச்சருக்கு நேரம் இருப்பதில்லை. நோட்டுத் திருத்தும் வேலை அப்படித்தான் வந்து சேர்கிறது.

அதற்காகக் கடன் வாங்காதீர்கள். தனியார் பள்ளிகள் பலவற்றில் இப்படிப்பட்ட பிள்ளைக்குக் கிடைப்பது கூடுதல் வீட்டுப்பாடம் மட்டுமே. தவிர, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, மறு வருடமே பொறியியல், வேளாண்மை, சட்டத்துக்கும் வந்தது. அதற்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இப்போது வெளியே கூட்டிப்போனால் அதையும் இழப்பாள்.

நான் பல வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். பத்தாவது வரை யோசிக்காமலே முதல் மார்க் வாங்கிய பிள்ளைகள், பதினொன்றாம் வகுப்பில் முதன்முறையாக ஒரு கணக்கு வராமல் உடைந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளுக்காக நான் பயப்படுவது அதற்குத்தான். தவித்துப் பழக அவளுக்கு இன்னும் வாய்ப்பே வரவில்லை.

அதனால் டீச்சரைப் போய்ப் பாருங்கள். குறை சொல்ல வேண்டாம். பாடக் கணக்கை முடித்ததும் யோசிக்க வைக்கும் ஒரு கணக்கைக் கொடுங்கள் என்று மட்டும் கேளுங்கள். தோழிகளுக்குச் சொல்லிக் கொடுப்பது நல்லதுதான், ஆனால் தினமும் அதே வேலையாக வேண்டாம்.

8-ஆம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்னும் மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் தேர்வு வரும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்துக்குள் இருந்தால் எழுதலாம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து 4 வருடம் மாதம் 1,000 ரூபாய். பணம் இருக்கட்டும், அதிலுள்ள மனத்திறன் தாள் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். பழைய வினாத்தாள்களை இப்போதே வாங்கிக் கொடுங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு எப்படியும் பள்ளி மாற வேண்டும். அப்போது அரசு மாதிரிப் பள்ளி பற்றியும் விசாரியுங்கள்.

சரி, இன்று ராத்திரியே ஒன்று செய்யுங்கள். 1 முதல் 100 வரை உள்ள எண்களின் கூட்டுத்தொகையை, ஒவ்வொன்றாகக் கூட்டாமல் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். விடை 5050. இரண்டு நாள் ஆனாலும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.