முழுப்பரீட்சை லீவு – கடிதமும் பதிலும்

வணக்கம் அம்மா,

மொட்டைமாடியில் வற்றலுக்குக் காவல் இருந்ததைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். அன்றிரவு வெகுநேரம் தூக்கம் பிடிக்கவில்லை. நான் மதுரை செல்லூரில் வளர்ந்தவன். முழுப்பரீட்சை முடிந்ததும் அத்தைமார்களின் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மொத்தம் ஒன்பது பேர். வைகை மணலில் ஊற்றுத் தோண்டியது, கிட்டிப்புள், வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல், தமுக்கம் பொருட்காட்சியில் முகத்தை விடப் பெரிய அப்பளம் என்று எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டன.

இப்போது ஓசூரில் இருக்கிறேன். மகளுக்கு ஒன்பது வயது. கோடை முகாம், நீச்சல், அபாகஸ் என்று அவளுடைய லீவு முழுவதும் கால அட்டவணைதான். இந்தச் சித்திரைக்குச் செல்லூரில் என் அம்மாவுடன் இரண்டு வாரம் இருந்து, மதுரைக்கு வரும் அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையும், அவர் ஆற்றில் இறங்குவதும் காட்டலாம் என்று திட்டமிட்டேன். என் மனைவிக்கு வருடத்தில் சேர்ந்தாற்போல் கிடைக்கும் லீவு அந்த இரண்டு வாரம்தான். "செல்லூருக்கு வந்தால் எனக்கு அது லீவு இல்லை" என்கிறாள். எனக்குப் புரியவில்லை. அங்கே அவளை யாரும் ஒரு சொல் சொல்வதில்லை. அந்தக் கோடையை இனி நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே முடியாதா?

அன்புடன்,
ரா., ஓசூர்

பி.கு.: நீங்கள் எழுதியிருந்த மதுரை–போடி ரயில் இப்போதும் ஓடுகிறதா?

அன்புள்ள ரா.,

பின்குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குத்தான் என்னிடம் நேரான பதில் இருக்கிறது. ஓடுகிறது. மீட்டர் கேஜ் வண்டியை 2010 கடைசியில் நிறுத்தினார்கள். அகலப்பாதை போட்டு முடித்து 2022 மே மாதம் தேனி வரையும், 2023 ஜூனில் போடி வரையும் வண்டி விட்டார்கள். சுமார் 90 கிலோமீட்டர் தூரத்துக்குப் பன்னிரண்டு வருடம்.

நாங்கள் போனது கரி எஞ்சின் காலம். அப்பாவுக்குப் போடியில் வேலை. அம்மா பிறந்தது மதுரை தல்லாகுளத்தில். பரீட்சை முடிந்த மறுநாள் காலை ரயிலில் ஏறிவிடுவோம். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் கண்ணில் கரித்தூள் விழும். அம்மா முந்தானை நுனியைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி, கண்ணில் ஒற்றுவாள். ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி மூச்சு வாங்கும். உசிலம்பட்டி தாண்டியதும் அம்மா ஒவ்வொரு வருடமும் தவறாமல் ஒரு காரியம் செய்வாள். கொண்டையை அவிழ்த்து, ஊசிகளை என் கையில் கொடுத்துவிட்டு, தலையை வாரிப் பின்னிக்கொள்வாள். போடியில் அவளுக்குக் கொண்டை, மதுரையில் பின்னல். மதுரை சந்திப்பில் இறங்கும்போது, கூட்டத்தில் அம்மாவைப் பின்னலை வைத்துத்தான் தேட வேண்டும் என்பது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

தல்லாகுளம் வீட்டில் அம்மாச்சி, மாமா, அத்தை, அவர்களுடைய மூன்று பிள்ளைகள். அம்மாவும் இரண்டு பெரியம்மாக்களும் வந்து சேர்ந்தால் பிள்ளைகள் மட்டும் பதினோரு பேர். சாயங்காலம் மொட்டைமாடியில் தண்ணீர் ஊற்றுவார்கள். பகல் முழுவதும் வெயில் குடித்த தளத்திலிருந்து சுண்ணாம்பு வாசனையோடு ஆவி கிளம்பும். ஆவி அடங்கியதும் கோரைப்பாய்களை வரிசையாக விரிப்போம். எந்தப் பாய் யாருக்கு என்ற சண்டைக்கே ஒரு மணி நேரம் வேண்டும். பகலில் அண்ணன்மார்கள் புதூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு நீச்சல் பழகினார்கள். பெண் பிள்ளைகளுக்குக் கிணற்றங்கரை வரைதான் அனுமதி. எனக்கு இன்றைக்கும் நீந்தத் தெரியாது. ஆகவே உங்கள் மகள் முகாமில் நீச்சல் கற்றுக்கொள்வதைப் பற்றி என்னிடம் குறைபட்டுக்கொள்ளாதீர்கள்.

இப்போது அந்த வற்றல் கட்டுரையில் நான் விட்டுவிட்ட ஒன்று. காவலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன்: தண்ணீர்த் தொட்டி நிழலில் கறுப்புக் குடையோடு உட்கார்ந்தது, பதினொரு மணிக்கு மேலே காய்ந்து உள்ளே குழைந்திருக்கும் வற்றலை வேட்டியிலிருந்து பிய்த்துத் தின்றது, காக்காயின் மேல் பழியைப் போட்டது. கூழைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. காரணம் எளிது. நான் எழுந்திருக்கும்போது கூழ் காய்ச்சி முடிந்திருக்கும்.

ஒரே ஒரு முறை பார்த்தேன். பத்து வயது இருக்கும். தண்ணீர் குடிக்க மாடியிலிருந்து இறங்கினேன். விடிவதற்கு இன்னும் நேரம் இருந்தது. கொல்லையில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே அண்டா. அத்தை நின்றபடி துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து கிண்டினால் கை எட்டாது. கிண்டுவதை நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். கூழ் இறுக இறுக 'தொப், தொப்' என்று குமிழ் வெடித்துக் கையில் தெறித்தது. அவள் கையை எடுக்கவில்லை. முகத்தை மட்டும் தோள்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். முதலில் எனக்குப் புகைக்காக என்று தோன்றியது. பிறகுதான் தெரிந்தது, முகவாயிலிருந்து சொட்டும் வேர்வை கூழில் விழாமல் இருப்பதற்காக. என்னைப் பார்த்ததும், "போய்ப் படு, உன் அம்மாவை எழுப்பிவிடாதே" என்றாள்.

அம்மா மாடியில் எங்களோடு தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழு மணி வரை தூங்குவாள். போடியில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. நாங்கள் படுக்கும்போதும் விழித்திருப்பாள், எழும்போதும் விழித்திருப்பாள். தல்லாகுளத்தில் பகலிலும் தூங்குவாள். அம்மாச்சி மடியில் தலை வைத்து, வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். பெரியம்மாக்களோடு தாயம் ஆடி, ஆறும் பன்னிரண்டும் கேட்டுச் சத்தம் போடுவாள். முழுப்பரீட்சை எழுதியது நாங்கள், லீவு அம்மாவுக்கு. எங்களுடைய கோடை இனித்தது என்றால், கோபமே வராத ஓர் அம்மா எங்களுக்கு ஐந்து வாரம் கிடைத்தாள் என்பதும் அதில் பெரிய பங்கு.

அந்த ஐந்து வாரத்தை அம்மாவுக்குக் கொடுத்தது யார் என்பது எனக்கு உறைக்க நாற்பது வருடம் ஆயிற்று.

அத்தைக்குப் பிறந்த ஊர் மேலூர். தல்லாகுளத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். மாட்டுத்தாவணியைத் தாண்டினால் நேர் ரோடு. அங்கே அவளுக்கும் ஓர் அம்மா இருந்தார். ஏப்ரல் மூன்றாம் வாரம் நாங்கள் வந்து இறங்குவோம். திருக்கல்யாணம், தேர், எதிர்சேவை என்று உறவுக்காரர்கள் வந்து குவிவார்கள். அடுத்து கத்திரி வெயில், வற்றல், வடகம், மாவடு. மே கடைசியில் எங்களை ரயில் ஏற்றிவிடுவார்கள். ஜூன் முதல் வாரம் பள்ளிக்கூடம் திறந்துவிடும். நடுவில் கிடைத்த இரண்டு ராத்திரி அத்தை மேலூரில் இருந்துவிட்டு வருவாள். அந்த இரண்டு ராத்திரியில் அவள் பின்னல் போட்டுக்கொண்டாளா என்று எனக்குத் தெரியாது. பார்க்க நாங்கள் அங்கே இல்லை.

அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறேன் என்று நினைக்க வேண்டாம். போடி வீட்டில் அவளும் ஓர் அத்தைதான். அரையாண்டு லீவில் அப்பாவின் தங்கைகள் பிள்ளைகளோடு வந்து இறங்குவார்கள், அப்போது அடுப்படியில் நின்றவள் அவள். ஒரு வீட்டு மகள் தூங்க, இன்னொரு வீட்டு மகள் விழித்திருந்தாள். முறைமாற்றிப் போட்டுக்கொண்டார்கள். அத்தையின் முறை மட்டும் ஏனோ வரவே இல்லை. மேலூரில் அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது, கூழ் கிண்ட ஒரு மதினி அந்த வீட்டில் இல்லை.

இப்போது உங்கள் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்பது பிள்ளைகள், வைகை, சைக்கிள், அப்பளம். எல்லாம் இருக்கிறது. அந்த ஒன்பது பேருக்கும் மூன்று வேளை சோறு போட்டவர் மட்டும் கடிதத்தில் இல்லை. அது உங்கள் அம்மாதானே? உங்கள் அத்தைமார்கள் பிறந்த வீட்டுக்கு வந்திருந்த அந்த மே மாதங்களில், உங்கள் அம்மா எப்போது தன் பிறந்த வீட்டுக்குப் போனார் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? சும்மா கேட்கவில்லை, செல்லூருக்கு இன்றே போன் போட்டுக் கேளுங்கள்.

உங்கள் மனைவி சொன்னது தெளிவாகத்தான் இருக்கிறது. யாரும் ஒரு சொல் சொல்லாத வீட்டிலும், மாமியார் எழுந்த பிறகு மருமகள் படுத்திருக்க முடியாது. சொல்ல வேண்டியதே இல்லை, பாத்திரச் சத்தம் போதும். நீங்கள் மகளுக்குக் காட்ட நினைப்பது எதிர்சேவையை. உங்கள் மனைவிக்குத் தெரிவது, எதிர்சேவைக்கு வருகிற இருபது பேருக்கான இட்லி மாவு.

அவரை அவருடைய அம்மா வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். மகளோடு செல்லூருக்கு நீங்கள் போங்கள். அம்மாவுக்கு வயதாகியிருக்கும், அவரையும் அடுப்படியிலிருந்து எழுப்பி உட்கார வையுங்கள். வற்றல் போட வேண்டும் என்று ஆசையாக இருந்தால், அளவை அவரிடம் கேட்டுக்கொண்டு அதிகாலையில் எழுந்து துடுப்பை நீங்கள் பிடியுங்கள். உங்கள் மகள் குடையோடு மாடியில் காவல் இருக்கட்டும். ஊற்றுத் தோண்டுகிற மணலை மட்டும் உங்களால் கொடுக்க முடியாது. வைகையில் அது போய்விட்டது. அழகர் இறங்கும் நாளில் அணையிலிருந்து திறந்துவிடும் தண்ணீரையாவது பார்த்துவிட்டு வரட்டும்.

அழகரைச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எதிர்சேவை ராத்திரி மாமா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கதை சொல்வார். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு அழகர் சீரோடு வருகிறார், வழியெல்லாம் மண்டகப்படியில் நின்று நின்று தாமதமாகிவிடுகிறது, ஆற்றில் இறங்கும்போது கல்யாணம் முடிந்த சேதி வருகிறது, கோபித்துக்கொண்டு வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார். கோவில் வழக்கில் அவர் வருவது மண்டூக மகரிஷிக்குச் சாப விமோசனம் கொடுக்க. மதுரையில் பிள்ளைகளுக்கு யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றியதே நமக்கு முழுப்பரீட்சை லீவு என்பதால்தான் என்றும் மாமா சொல்வார். 17ஆம் நூற்றாண்டில் யாருக்கு முழுப்பரீட்சை என்று கேட்க அப்போது தோன்றவில்லை.

அத்தை எங்களோடு வரமாட்டாள். விடியப்போகும் நேரத்தில், அழகர் ஆற்றுக்குப் புறப்படும்போது, சொம்பில் சர்க்கரை நிரப்பி, வாழையிலையால் மூடி, மேலே சூடம் ஏற்றிக்கொண்டு தெருமுனை வரை வருவாள். தங்கக் குதிரையைப் பார்ப்பாள், கன்னத்தில் போட்டுக்கொள்வாள், அடுப்பில் இட்லி இருக்கிறது என்று திரும்பிவிடுவாள்.

சில வருடங்களுக்கு முன்பு அவளைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பதைத் தாண்டிவிட்டாள். மேலூர் விஷயத்தை மெல்லக் கேட்டேன். வருத்தமாக இல்லையா அத்தை என்றேன்.

"அழகரே தங்கை கல்யாணத்துக்கென்று கிளம்பி வருகிறார். தேவியைக் கூட்டிக்கொண்டா வருகிறார்? தாயார் மலையடிவாரத்திலேயே இருக்கிறார். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். புறப்படும்போது வழக்கம்போல ஒரு டப்பா நிறைய வற்றல் கொடுத்தாள். வீட்டில் போட்டதா என்று கேட்டேன். கடையில் வாங்கியதாம். அதற்கும் சிரித்தாள்.